காய்கறித் தட்டில் தண்ணீர்: ஓர் ஐஸ் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்த பதிவு

பெட்டி: மேலே ஃபிரீசர், கீழே குளிர்ப்பகுதி என இரண்டு கதவு. ஏறக்குறைய 250 லிட்டர். பனி தானாகக் கரையும் வகை. வயது 9.

இடம்: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றின் சமையலறை, கேஸ் அடுப்புக்கு இரண்டடி தள்ளி.

புகார்: காய்கறித் தட்டில் தினமும் அரைக் குவளைத் தண்ணீர். கீரை இரண்டே நாளில் அழுகுகிறது. பால் சீக்கிரம் திரிகிறது. கதவைத் திறந்தாலே பெலாச்சான் (இறால் விழுது) வாடை.

ஐஸ் பெட்டிக்குள் தண்ணீர் நின்றால் பல வீடுகளில் தட்டின் அடியில் பழைய துணியை விரித்து வைப்பதோடு சரி. துணி ஈரத்தை இழுக்கும், பத்து நாளில் அதுவே நாறத் தொடங்கும். மேலே சொன்ன நான்கு புகாருக்கும் வேர் ஒன்றுதான்: உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. அதனால் சோப்பு வாளியை எடுப்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வருவது காற்றோடு. கோலாலம்பூரில் மதியம் 32 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். 4 டிகிரிக் குளிரில் அதே காற்றால் 6 கிராம் சொச்சத்தைத்தான் தாங்க முடியும். மீதி 17 கிராம் உள்ளேயே படியும். 180 லிட்டர் குளிர்ப்பகுதியின் காற்று முழுவதும் ஒருமுறை மாறினால் 3 கிராம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நாளுக்கு 40 தடவை கதவு திறப்பது சாதாரணம். 40 தடவையும் முழுக்காற்று மாறினால் 120 கிராம், அதாவது அரைக் குவளை. பாத்திரங்கள் இடத்தை அடைத்திருப்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனால் கதவு ரப்பர் சரியாக ஒட்டாவிட்டால் கதவு மூடியிருக்கும்போதும் ஈரம் நுழைந்துகொண்டே இருக்கும். மூடாமல் வைத்த ரசமும் தன் பங்குக்கு ஆவி விடும்.

இந்த ஈரத்தை ஃபிரீசரின் பின்பலகைக்குள் இருக்கும் காற்றாடி இழுத்து, கூலிங் காயில் என்னும் குளிர்ச்சுருள்மேல் பனியாகப் படிய வைக்கிறது. இந்த வகைப் பெட்டியில் டைமர் ஒன்று உண்டு. கம்ப்ரசர் 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் அதை நிறுத்திவிட்டு, 20 நிமிடம் போல ஹீட்டரை எரிய விடும். கரைந்த நீர் காயிலுக்குக் கீழுள்ள சிறு தொட்டியில் விழுந்து, அதன் துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்னால் கம்ப்ரசர்மேல் உட்கார்ந்திருக்கும் தட்டில் சேரும். கம்ப்ரசரின் சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடும். துளை அடைத்தால் தொட்டி நிரம்பும். வழியும் நீர் ஃபிரீசர் தரையில் பனிக்கட்டியாகும், மிச்சம் காற்றுவழியில் சொட்டிக் காய்கறித் தட்டுக்கு வரும்.

திறப்பதற்கு முன் இரண்டு சோதனை. முதலாவது வெப்பநிலை. நடுத்தட்டில் ஒரு குவளைத் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை இறக்கி இரவு முழுக்க விட்டதில் காலையில் 9 டிகிரி காட்டியது. இருக்க வேண்டியது 4 அல்லது அதற்குக் கீழ். ஃபிரீசரில் இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே வைத்ததில் மைனஸ் 13. இருக்க வேண்டியது மைனஸ் 18. தெர்மாமீட்டரைச் சும்மா தொங்கவிட்டால் கதவைத் திறந்ததுமே எண் ஏறிவிடும், அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

இரண்டாவது, கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவில் கவ்வ வைத்து இழுத்துப் பார்ப்பது பழைய முறை. இதற்கு நம்மூர் 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டை எடுக்காதீர்கள். அவை பிளாஸ்டிக் நோட்டு, நல்ல ரப்பரிலும் வழுக்கிக்கொண்டு வரும். நோட்டுப் புத்தகத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவைச் சுற்றி 10 சென்டிமீட்டருக்கு ஓர் இடமாகச் சோதித்தோம். கீழ்க் கதவு எல்லா இடத்திலும் தாளைப் பிடித்தது. ஃபிரீசர் கதவில், கீல் பக்கத்துக் கீழ் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குத் தாள் தானாக விழுந்தது. ஈரம் நுழையும் வழி அது.

காலை 9.00. பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள், பின்பலகைக்குள் 230 வோல்ட் ஓடும் ஒயர்கள் இருக்கின்றன. கோழி, மீன், உறைந்த தேங்காய்ப்பால் எல்லாம் போலிஸ்டைரீன் (தெர்மோகோல்) பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, மேலே மூன்று பை ஐஸ். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஒன்றுக்கொன்று குளிர் கொடுத்து நான்கைந்து மணி நேரம் தாங்கும். சமைத்த சோறும் பழைய குழம்பும் நேராகக் குப்பைக்கு. 9 டிகிரியில் எத்தனை நாள் இருந்தன என்று தெரியாத உணவை மறுபடி சூடுபண்ணிக் காப்பாற்ற நினைப்பது தப்பு. சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

9.20. ஃபிரீசரின் பின்பலகையில் இரண்டு திருகு. அவற்றை எடுத்தும் பலகை வரவில்லை, அடியில் பனி பிடித்திருந்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பெட்டிகள் செத்துப்போகின்றன. கத்தியால் குத்துவார்கள். கூலிங் காயில் மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் குளிரூட்டும் கேஸ் போய்விடும், பழுதுச் செலவைக் கேட்டால் புதுசே வாங்கலாம் என்று தோன்றும். தவிரவும், கம்ப்ரசர் பக்கத்து ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. மெழுகுவர்த்தியும் லைட்டரும் கிட்டேயே வரக்கூடாது. ஒரு சட்டியில் வெந்நீரை ஃபிரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினோம். மூன்றாவது சட்டியில் பலகை தானாகக் கழன்றது.

உள்ளே பனி படிந்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கரைக்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காயில் முழுக்க மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக மூடியிருந்தால் பனி கரைக்கும் ஏற்பாடு கெட்டிருக்கிறது: ஹீட்டர், பைமெட்டல் (குளிரில் மூடிச் சூட்டில் திறக்கும் சுவிட்சு), தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிப்பது), டைமர் இவற்றில் ஒன்று. ஒரு மூலையில் மட்டும் பனி கட்டி, மீதி காயில் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. அதை மூடிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், வீட்டில் செய்யும் வேலை அல்ல. இந்தப் பெட்டியில் காயிலின் மேல்பாதி சுத்தம். கீழே தொட்டியில் மூன்று விரல் உயரத்துக்குக் கண்ணாடிபோலப் பனிக்கட்டி, அது காற்றாடிக்குப் போகும் வழியையும் பாதி மறைத்திருந்தது. தொட்டித் துளை அடைப்பு என்று அப்போதே தெரிந்தது. கீழே குளிர் வராத காரணமும் அதுவே.

தெரிந்தாலும் மின்பாகங்களையும் அளந்துவிடுவது நல்லது, பலகையைத் திரும்பக் கழற்றும் வேலை மிச்சம். 25 வெள்ளி மல்டிமீட்டர் போதும். ஹீட்டரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் கணக்கு வரும். 150 வாட்டுக்குச் சுமார் 350 ஓம். மீட்டர் 341 காட்டியது, நலம். தெர்மல் ஃபியூஸ் எந்த நிலையிலும் மீட்டரில் தொடர்பு (மின்சாரம் கடக்க வழி இருப்பது) காட்ட வேண்டும், காட்டியது. பைமெட்டலில்தான் பலரும் ஏமாறுவார்கள். அறைச் சூட்டில் அது தொடர்பு காட்டாது, காட்டக்கூடாது. ‘செத்துவிட்டது’ என்று நல்ல பாகத்தை மாற்றிவிட்டு வருபவர்கள் உண்டு. பொடித்த ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு கலந்து, பைமெட்டலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் பத்து நிமிடம் புதைத்தால் ‘டிக்’ என்று மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மீட்டர் தொடர்பு காட்டினால் பாகம் உயிரோடு இருக்கிறது. டைமரை வேலை எல்லாம் முடிந்து மின்சாரம் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் வெள்ளைக் குமிழைத் திருகுளியால் மெதுவாகத் திருப்பினால் ஓர் இடத்தில் ‘டக்’ என்று கம்ப்ரசர் நிற்கும், அங்கிருந்து ஹீட்டரின் முறை. இன்வெர்ட்டர் பெட்டிகளில் டைமர் கிடையாது, போர்டும் சென்சாரும் அந்த வேலையைப் பார்க்கின்றன. ஃபியூஸ், பைமெட்டல் மாதிரிச் சில்லறைப் பாகங்கள் தேவைப்பட்டால் புடு ஜாலான் பசார் பக்கம் ஒரு சுற்று வரலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவது முக்கியம், ஃபியூஸ்மேல் எழுதியிருக்கும் டிகிரி எண் அப்படியே பொருந்த வேண்டும்.

10.40. தொட்டிப் பனி முழுக்கக் கரைந்தது. துணியில் பிழிந்து அளந்ததில் ஒன்றரை லிட்டர்.

துளையைத் திறக்கத் தேவையானவை: மருந்துக்கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சு, மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், கை பொறுக்கும் சூட்டில் ஒரு குவளைத் தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி சோடா மாவு. குழாயைத் துளைக்குள் விட்டு மெதுவாக அழுத்த வேண்டும். முதல் மூன்று சிரிஞ்சு திரும்பி வந்தது. நான்காவதில் ‘கொளக்’ என்ற சத்தம். பின்னால் தட்டில் கறுப்புச் சளிபோல ஒன்றும், அதோடு ஒரு கொத்தமல்லித் தண்டும் வந்து விழுந்தன. தண்ணீர் தெளிவாக வரும்வரை எட்டுச் சிரிஞ்சு. கம்பியோ, சட்டை மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தியோ குத்த வேண்டாம். குழாயின் முனையில் வாத்து மூக்குபோல ஒரு ரப்பர் வால்வு இருக்கும், அது கழன்றால் அந்த வழியாகச் சமையலறை ஈரமும் கரப்பான்பூச்சியும் மேலேறும்.

சளியை எடுத்தால் மட்டும் போதாது, துளை மறுபடி உறையும். இந்த மாடலில் ஹீட்டரின் சூட்டைத் துளைக்குள் கடத்த ஓர் அலுமினியத் தகடு தொங்க வேண்டும். அது அரித்துப்போய் இற்று விழுந்திருந்தது. பதிலுக்கு 1 மில்லிமீட்டர் தடிமன், 1 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியப் பட்டையை ஹீட்டரின் உலோக உறைமேல் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் துளைக்குள் இரண்டு அங்குலம் இறக்கியாயிற்று. செம்புக் கம்பி போடச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கும், அடுத்து ஓட்டை விழுவது காயிலில். ஹீட்டர் கண்ணாடிக் குழாயாக இருந்தால் அதன்மேல் எதையும் மாட்டாதீர்கள்.

பின்பக்கத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுவாக அந்த நீர் ஆவியாகிவிடும். அடைப்பு நீங்கியதும் ஒரேயடியாக நிறைய விழுந்தாலோ, தட்டு சாய்ந்திருந்தாலோ நாள்கணக்கில் நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் வீட்டுச் சோதனைக்கு வந்தால் பூச்சாடித் தட்டோடு ஐஸ் பெட்டியின் பின்தட்டையும் எட்டிப் பார்ப்பார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு. இந்த மாடலில் தட்டு கழலாது, பஞ்சால் ஒற்றி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி கிளோராக்ஸ் (பிளீச்) கலந்த 4 லிட்டர் நீரால் துடைத்தோம். உள்ளே ஒரு காய்ந்த பல்லி. கம்ப்ரசர் ரிலேக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது இங்கே சகஜம், பின்மூடியில் கழன்ற திருகு இருந்தால் போட்டுவிடுங்கள்.

அதே கிளோராக்ஸ் நீர்தான் கதவு ரப்பரின் கறுப்புப் பூசணத்துக்கும். பல் துலக்கும் பிரஷால் மடிப்புக்குள் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைக்க வேண்டும். வினிகரும் போட்டால் இரட்டிப்பு வேலை செய்யும் என்று வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தை நம்பாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடுக்குமாடிச் சமையலறையில் அது விளையாட்டல்ல. பூசணம் ரப்பருக்குள்ளேயே ஊறியிருந்தால் கறை நிற்கும், நிற்கட்டும்.

ஒட்டாத மூலைக்கு முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் வைத்து மூன்று நிமிடம். ரப்பர் இளகியதும் விரலால் வெளிப்பக்கம் இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி மேலே டேப் ஒட்டி இரண்டு மணி நேரம். கீல் பக்கத்தில் மட்டும் மெல்லியதாக வாசலின் தடவினால் ரப்பர் மடங்காது. தாள் இப்போது பிடிக்கிறது, ஆனால் நெகிழ்ந்த பிடிதான். கிழிந்த ரப்பருக்கு இந்த வைத்தியம் வேலை செய்யாது. உள்சுவர் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும்.

உள்ளே கழுவுவது இவ்வளவுக்கும் பிறகு சின்ன வேலை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீர், இரண்டு மேசைக்கரண்டி சோடா மாவு. கண்ணாடித் தட்டுகளை எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்த பிறகே நனைக்க வேண்டும், குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் வெடிக்கும். பெட்டியை முன்னால் இழுத்தபோதே பின்னால் சேர்ந்த தூசியை பிரஷால் தட்டியாயிற்று. இந்தப் பெட்டியில் கம்பிச்சுருள் வெளியே தெரியாது, சூடு இரண்டு பக்கச் சுவர் வழியாக வெளியேறும். ஆகவே ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி, மறுபக்கம் அரிசி மூட்டையைச் சாய்த்திருந்தது பெரிய தப்பு. இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளி விட்டு, அடுப்பிலிருந்தும் தள்ளி வைத்தாகிவிட்டது. முன்கால்களை ஒரு சுற்று உயர்த்தினால் பெட்டி லேசாகப் பின்னால் சாயும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

மதியம் 1.10. மின்சாரம். பிளக்கை எடுத்து எடுத்துப் போடுவது கூடாது. நிறுத்திய கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது ஆகும், அதற்குள் போட்டால் திணறும். நீட்டிப்பு ஒயரையும் மூன்று பின் கூட்டு அடாப்டரையும் எடுத்துவிட்டு, சுவர் சாக்கெட்டில் நேரடியாக.

அடுக்கும்போது முதல் விதி காற்றுவழி. பின்சுவரில் குளிர்காற்று வரும் துவாரங்களுக்கு முன்னால் எதுவும் ஒட்டி நிற்கக்கூடாது. அங்கே வைத்த வெள்ளரிக்காய் உறையும், கதவுப் பக்கத்துப் பால் திரியும். பல இரு கதவுப் பெட்டிகளில் ஃபிரீசருக்குள் இருக்கும் குமிழ் குளிரைக் கூட்டாது, காற்றை மேலே கீழே பங்கு போடும். அதை உச்சத்துக்குத் திருப்பினால் கீழே சூடாகும். நடுவில் இருக்கட்டும்.

தோசை மாவை டப்பாவில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள், குளிரிலும் கொஞ்சம் பொங்கும். வழிந்த மாவு காய்ந்தால் துவாரத்தில் சிமெண்டுதான். பச்சைக் கோழியும் கெம்போங் மீனும் மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில், அவற்றின் நீர் வேறெதன்மேலும் சொட்டாதபடி. புதிதாகப் பிழிந்த சந்தானை (தேங்காய்ப்பாலை) மறுநாளுக்குள் முடிக்க முடியாது என்றால் உடனே ஃபிரீசரில். கங்கோங், கொத்தமல்லி, கறிவேப்பிலையைக் கழுவினால் நன்றாக உலர்த்திக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அழுகும், உதிர்ந்த தண்டு ஒருநாள் துளைக்குப் போகும். கதவில் முட்டையும் பாலும் வேண்டாம். ஒவ்வொரு திறப்பிலும் சூடு முதலில் அங்கேதான் படும். சாஸ், ஊறுகாய், ஜாம் அங்கே போகட்டும். சமைத்ததை ஆவி அடங்கியதும் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்க வேண்டும். சமையலறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கடையில் வாங்கிய தாப்பாவ் குழம்பைக் கட்டி வந்த பையோடு வைப்பதும் சரியில்லை.

வாடைக்கு வருவோம். இந்த வகைப் பெட்டியில் ஃபிரீசருக்கும் கீழ்ப்பகுதிக்கும் ஒரே காற்றுதான் சுற்றுகிறது. கீழே திறந்து வைத்த பெலாச்சான் மேலே ஐஸ் கட்டியில் ருசிக்கும். பழைய ஐஸ் எல்லாம் கொட்டியாயிற்று. பெலாச்சானும் சிஞ்சாலோக்கும் (ஊறவைத்த சிற்றிறால்) திருகு மூடியுள்ள கண்ணாடிப் போத்தலுக்கு மாறின. டுரியான் காலத்தில் சுளைகளை ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை இன்னொரு பைக்குள் இறுகக் கட்டினாலும் மூன்று நாள்தான் கணக்கு. அடுப்புக்கரியும் சோடா மாவும் மிச்ச வாடையைக் குறைக்கும், மூடாத டுரியானோடு போட்டி போட அவற்றால் முடியாது.

மாலை 6.00: நடுத்தட்டுக் குவளையில் 7 டிகிரி. மறுநாள் காலை: 4 டிகிரி, ஃபிரீசர் மைனஸ் 18. டைமரைத் திருப்பி ஹீட்டரை எரிய விட்டதில் பதினைந்து நிமிடத்தில் பின்தட்டில் நீர் விழும் சத்தம் கேட்டது. காய்கறித் தட்டின் அடியில் ஒட்டிய உலர்ந்த டிஷ்யூ பத்தாம் நாளும் காய்ந்தே இருந்தது. ஃபிரீசர் கதவின் கீழ் மூலையில் தாள் மறுபடி சற்று நெகிழ்கிறது. ரப்பர் மாற்ற மாடல் எண் எழுதிக் கதவில் ஒட்டியாகிவிட்டது.